காது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சௌக்கியமாகவே இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை, ஏனென்றால் போன வாரத்திலிருந்து நீ யாருக்கும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டாய் என்று அடையாளம் விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் கடிதம். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாக அனுப்பிய வரியை அப்பா உரக்கப் படித்துக் காட்டினார். இந்தப் படிப்பு எனக்குச் சரிவரலம்மா, கிளம்பி வந்துடறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பாவம் என்றார். அவருக்கு எல்லோரும் பாவம்தான், ஒழுகுகிற குழாய்கூடப் பாவம், அதனால் குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. இருந்தால் ஐந்தாவது மாடியில்தான் இருப்பேன், இல்லாவிட்டால் தெருவுக்கு வந்துவிடுவேன், நடுவில் உள்ள மாடியெல்லாம் மனிதர்கள் குடியிருக்கிற இடமே இல்லை என்று நினைக்கிற ஒருத்தியைப் பெற்றிருக்கிறோமே என்று நினைத்தேன். வருவதென்றால் வா, கதவைச் சாத்த மாட்டோம். ஆனால் உன் அறை இல்லை. நீ விமானம் ஏறிய மறுநாளே உன் தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். உன் மேசைமேல் மீன்தொட்டி வைத்திருக்கிறாள், உன் கட்டிலில் அவள் துணி மூட்டை படுத்திருக்கிறது. உனக்குக் கூடத்து சோபாதான், அதிலும் பாதி அப்பாவின் செய்தித்தாள்களுக்கு.

அது கிடக்கட்டும். மாமாவின் அட்டைப்பெட்டிப் பட்டறையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். மாமா உன்னிடம் ஒரு கதை சொன்னான், அப்பா வாய் தவறி அதில் பாதியைப் போட்டு உடைத்தார், மிச்சத்தை நீயே கற்பனை செய்துகொண்டு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய். நான் அங்கே நின்றவள், நான் சொல்கிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் இது மெஷினில் ஆரம்பித்த விஷயம் இல்லை, உன் தேர்வில் ஆரம்பித்தது.

அங்கே போய் இறங்கிய வாரமே நீ போன் செய்தாய், மூச்சு வாங்க வாங்கப் பேசினாய். மாண்டரின் சொல்லித்தரும் அந்தப் பள்ளியில் மொத்தம் ஆறு வகுப்பு, யார் எதில் உட்கார வேண்டும் என்று தேர்வு வைத்துப் பிரிப்பார்கள், என்னைத் தூக்கி நேராக ஐந்தாவதில் போட்டுவிட்டார்கள் என்றாய். இங்கே மாலை வகுப்புக்குப் போய், போனில் எழுத்து விளையாட்டு விளையாடிக் கற்றுக்கொண்டவளுக்கு ஐந்தாவதா என்று எனக்கு அப்போதே இடித்தது. என்ன தேர்வு என்று கேட்டேன். கணினியில் கேள்வி வரும், நாலு பதிலில் ஒன்றைத் தொட வேண்டும் என்றாய். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலில் ஒன்றைத் தொடுகிற கலையில் உன்னை மிஞ்ச இந்த வீட்டில் மட்டுமில்லை, நாலு தெருவிலும் ஆள் கிடையாது. கேள்வியைப் படிக்காமலே பதில் எது என்று மோப்பம் பிடிப்பாய். சரி, வாயால் பேசச் சொல்லவில்லையா என்று கேட்டேன். ஒரு ஆசிரியை எதிரில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொல் என்றாராம், நீ விமானத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போன அறிமுகத்தை ஒப்பித்தாயாம், அவர் அசந்துபோய்விட்டாராம். அந்த அம்மாளைச் சொல்ல வேண்டும். நீ நிறுத்தியதும் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், சாயம் அங்கேயே வெளுத்திருக்கும். கேட்கவில்லை. வரிசையில் இன்னும் பலர் நின்றிருப்பார்கள், கைக்கு அகப்பட்ட வகுப்பில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தச் செய்தி மாமா காதுக்குப் போயிற்று. என் கூடப் பிறந்த அந்த மேதையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் வரவேற்பு நாளன்று நீ மேடையில் நின்று வாசித்ததைப் படம் பிடித்து அனுப்பினாய் அல்லவா, அதை முடிவெட்டும் கடையில் காட்டினான், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே காட்டினான், நம் கட்டடத்து லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் காட்டியதில் அவர் இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போய்விட்டது. மொழிப்புலி என்று உனக்குப் பட்டம் வேறு. நம்ம மொழிப்புலி இருக்கறப்ப நமக்கு என்னக்கா கவலை என்று என்னிடம் சொன்னான். எனக்கு அப்போதே கவலையாக இருந்தது.

புது மெஷின் வந்தது அந்த நேரம்தான். அட்டையை உள்ளே விட்டால் வெட்டி மடித்துப் பெட்டியாகத் துப்புகிற மெஷின், பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நான் பார்க்கிற பேக்கிங் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டார்கள். மெஷினோடு அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஃபிட்டர் அம்மாள் வந்தார், என் வயது இருக்கும், குள்ளம், முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்வார். மாண்டரின் தவிர வேறு பாஷை ஒரு சொல் தெரியாது. மெஷின் விற்ற கம்பெனிக்காரர்கள் கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது உன் மாமா. வீட்டிலேயே புலி இருக்கறப்ப வெளியாள் எதுக்கு என்றான். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டான். முடியுமா மாமா, ஐந்தாவதில் இருந்தாலும் மெஷின் பேச்செல்லாம் எனக்குப் பழக்கமில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. சொன்னாயா? அதெல்லாம் பாத்துக்கலாம் மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க என்றாய். கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

முதல் இரண்டு நாள் ஒப்பேறிவிட்டது, ஏனென்றால் அந்த அம்மாள் கையால் காட்டினார், ஆபரேட்டர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டார், நீ ஸ்பீக்கரில் இருந்து ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஆபரேட்டரை உனக்குத் தெரியும், பழைய மெஷினில் இருந்தவர், விசில் அடித்துக்கொண்டே வேலை பார்ப்பார், நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது அட்டையில் உனக்கு வீடு செய்து கொடுத்தவர். மூன்றாம் நாள் ஓட்டிப் பார்த்தார்கள். பாதியில் உருளைகளுக்கு நடுவே ஒரு அட்டை சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தினார்கள். அந்த அம்மாள் பின்பக்கம் குனிந்து எதையோ பிடித்துக்கொண்டிருந்தார், முன்பக்கத்துத் தடுப்புக் கதவைச் சரிசெய்வதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆபரேட்டர் உன்னிடம் கேட்டார், இப்ப கைய விட்டு அட்டைய எடுக்கலாமான்னு கேளும்மா என்று. நீ கேட்டாய். அந்த அம்மாள் பின்னாலிருந்து சத்தமாக ஏதோ சொன்னார். நீ கொஞ்சம் தயங்கினாய், அது எனக்குக் கேட்டது. பிறகு, விளக்கப் பத்திச் சொல்றாங்க, மஞ்ச விளக்கு எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா எடுக்கலாம் என்றாய். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிச்சயமாடி என்று நான் கேட்டேன். நிச்சயம்மா என்றாய். ஆபரேட்டர் கையை விட்டார்.

மெஷின் நின்றிருந்தாலும் உருளைக்குள் அழுத்தம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த விளக்கு எரிகிறது என்றால் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, கையை விடாதே என்று அர்த்தம். உருளை கால் சுற்றுச் சுற்றியது. அவ்வளவுதான், கால் சுற்று. சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டைத் திருகிவிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கையில் இருந்த டேப்போடு அப்படியே நின்றிருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து அந்த அம்மாள் ஓடி வந்து சிவப்புப் பட்டனை அடித்து, ஒரு கம்பியைச் செருகி உருளையை நெம்பிக் கையை வெளியே எடுத்தார். ஆபரேட்டர் கத்தவே இல்லை. முகம் காகிதம் மாதிரி வெளுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ ஸ்பீக்கரிலிருந்து என்னாச்சு, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். மாமா, ஒன்னுமில்லம்மா, சின்ன சத்தம்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். மறுநாள் உன்னிடம், ஆபரேட்டர் எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று கதை கட்டினான். ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு இடத்தில் விரிசல் என்று காட்டியபோது நானும் கூட இருந்தேன். வலது கை. கட்டுப் போட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். ஒல்லியான மனிதர், எந்நேரமும் வாயில் ஒரு இருமல் மிட்டாயை உருட்டிக்கொண்டிருப்பார், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் வழியாக அந்த ஃபிட்டர் அம்மாளிடம் அன்றைக்கு நீங்கள் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். பொறு, விளக்கு இன்னும் அணையவில்லை என்றாராம். டங் என்கிற ஒரே சத்தம், ஒரு மாதிரி இழுத்தால் பொறு, இன்னொரு மாதிரி இழுத்தால் விளக்கு. உனக்கு இரண்டும் விளக்காகவே கேட்டிருக்கிறது. பொறு போயிற்று, அணையவில்லை போயிற்று, விளக்கு மட்டும் கையில் மிஞ்சியது, மீதியை நீ சொந்தமாகச் செய்து கொடுத்துவிட்டாய். அதைக்கூட நான் விட்டுவிடுவேன், புது பாஷை, யாருக்கும் தவறும். அந்த அம்மாள் அடுத்துச் சொன்னதைத்தான் விட முடியவில்லை. நான் எதைச் சொன்னாலும் அந்தப் பெண் உடனே துவெய், துவெய் என்றாள், அதனால் எல்லாம் புரிகிறது என்று நினைத்துவிட்டேன், புரியலைன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நானே எழுந்து வந்திருப்பேன் என்றாராம். துவெய் என்றால் ஆமாம், சரி என்று அர்த்தமாம். மொழிபெயர்ப்பாளரிடம் புரியவில்லை என்பதற்கு அந்த பாஷையில் வார்த்தை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு, முதல் வகுப்புல முதல் வாரமே சொல்லித் தருவாங்க என்றார். நீ நேரே ஐந்தாவதுக்குத் தாவியதில் அந்தப் பாடம் விட்டுப்போயிருக்கும்.

அதோடு நிறுத்தவில்லை நான். நீ மேடையில் வாசித்த படத்தை அவரிடம் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பார்த்தார். இவள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று கேட்டார், சொன்னேன். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார், கண்ணும் வாயும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுச்சும்மா, காது மட்டும் இன்னும் வந்து சேரல என்று. சரி, காதுக்கு எந்த வகுப்பு என்று கேட்டேன். இரண்டு என்றார். மூன்றாக இருக்கலாமோ என்று மாமா பக்கத்திலிருந்து பேரம் பேசினான். அந்த மனிதர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே இதுதான் நான் சொல்ல வந்தது. ஓடி வராதே. வகுப்பு மாற இன்னும் அவகாசம் இருக்கிறது என்று நீதான் முன்பு சொன்னாய், அது போய்விட்டால் இந்தப் பருவம் முழுக்க ஐந்தாவதில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு, கடைசியில் தேறாமல், அந்த ஊரில் இருக்கவே அனுமதி போய்விடும். கீழ் வகுப்பில் சின்னப் பெண்களோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று உன் தங்கையிடம் முன்பே சொன்னாயாம். யார் உன்னைப் பார்க்கிறார்கள்? அந்த ஊரில் உன் முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வெட்கப்பட வேண்டியது தெரியாததற்கு இல்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டிருந்தால் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு என்பது நீ கழுத்தில் போட்டுக்கொள்கிற நகை இல்லை, உட்காருகிற நாற்காலி. கால் தரையில் படாத நாற்காலியில் எவ்வளவு நேரம்தான் உட்காருவாய்.

இதுவரை நேற்று எழுதியது. குழாய்க்காரர் வந்ததால் பாதியில் எழுந்துவிட்டேன், வந்தவர் குழாயைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். இன்று காலை உன் போன் வந்தது. அப்பா எடுத்தார், எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டார், அதனால் பாதி உனக்குக் கேட்டிருக்காது, எனக்கும் கேட்கவில்லை. நான் வாங்கிப் பேசினேன். நீயே ஆபீசுக்குப் போய் வகுப்பை மாற்றிக்கொண்டாய் என்றாய், நேற்றே இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டாய் என்றாய். அப்படியானால் மேலே நான் எழுதியதில் பாதி வீண். இருந்தாலும் கிழிக்க மனமில்லை, கை வலிக்க வலிக்க எழுதியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

ஆபீசில் இருந்த பெண் ஏன் கீழே போகிறீர்கள் என்று கேட்டாளாம், காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். காது என்று எழுதியிருக்க வேண்டியதுதானே. இரண்டாம் வகுப்பில் உனக்கு ஒரு பக்கம் ஓய்வு பெற்ற தபால்காரர், மறுபக்கம் பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் என்றாய். ஆசிரியர் தன் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு, வேறு யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன கதையைச் சொன்னாராம். நீ எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாயாம். ஐந்தாவதில் இருந்தவரை மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நொடி கழித்துத்தான் சிரிப்பேம்மா, நேத்துத்தான் நேரத்துக்குச் சிரிச்சேன் என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கும் என்னமோ செய்தது, ஆனால் அடுத்த மூச்சிலேயே நீ, நல்லாப் பண்ணா சீக்கிரமே மூணாவதுக்கு மாத்திடுவாங்களாம்மா என்று ஆரம்பித்துவிட்டாய். நாற்காலி இன்னும் சூடாகவில்லை, அதற்குள் அடுத்த மாடிக்கு எட்டிப் பார்க்கிறாள் மகாராணி. நீ திருந்தவே மாட்டாய் என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது, ஓடி வரப்போகிறவள் இப்படிப் பேச மாட்டாள்.

இங்கே செய்தி என்னவென்றால், மெஷின் ஓடுகிறது. ஃபிட்டர் அம்மாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்புகிற அன்று மாமா விருந்து வைக்கக் கூப்பிட்டான், அவர் வரவில்லை, மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு ஆபரேட்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே விமான நிலையம் போய்விட்டார். அந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே கையை விடாதே என்று பெரிய எழுத்தில் நான் எழுதி ஒட்டியிருக்கிறேன், தமிழில்தான், எழுத்துப்பிழை இல்லாமல். மாமாவையும் நான் விடவில்லை. எண்ணெயில் வழுக்கினார் என்ற கதையைப் பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான், அதை ஆபரேட்டரிடமே போய்ச் சொல்லிப் பாருடா, அவர் ஒத்துக்கொள்கிறாரா பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். வண்டியில் போகும்போது முழுக்க வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். அங்கே ஆபரேட்டரின் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டுத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அது வந்து, எண்ணெய் இல்லை, மொழிபெயர்ப்பாளரை வேண்டாம்னு சொன்னது நான்தான் என்று ஒருவழியாக வெளியே கொண்டுவந்தான். ஆபரேட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெரியும் சார், நான் அங்கதான இருந்தேன் என்றார். மாமாவுக்கு அதற்கு மேல் ஒத்திகை இல்லை. எழுந்து வந்துவிட்டோம். கை சரியானதும் அதே மெஷின் அவருக்குத்தான் என்று வாசலில் வைத்து மாமா வாயாலேயே சொல்ல வைத்தேன். இப்போது முடிவெட்டும் கடையில் உன் படத்தைக் காட்டுவதில்லை, மாமி சொன்னாள், ஒரே மௌனமாக முடிவெட்டிக்கொண்டு வருகிறானாம்.

உன் தங்கை நலம், அவள் மீனில் ஒன்று செத்துப்போனது, அதற்கு இரண்டு நாள் துக்கம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை நின்றுகொண்டே கடித்துவிட்டு வகுப்புக்கு ஓடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், அதுதான் இனிமேல் உனக்கு வேலை செய்ய வேண்டிய உறுப்பு. வகுப்பில் புரியாவிட்டால் கையைத் தூக்கு, புரியவில்லை என்று அந்த பாஷையிலேயே சொல், ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல், யாரும் உன் தலையை வாங்கிவிட மாட்டார்கள். தபால்காரரிடம் கேள், அவர் சொல்லித் தருவார், இல்லாவிட்டால் அவருக்கும் தெரியாது என்று தெரிந்து இருவரும் நிம்மதியாக இருக்கலாம்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் வகுப்பு, குடை, மூன்றாவது என்று எல்லாம் பேசினாய். ஆபரேட்டரைப் பற்றிக் கேட்டதும் நான் மெசேஜ் போட்டுட்டேம்மா என்று பேச்சை மாற்றினாய். அந்தச் செய்தியை, மாமாவோடு போயிருந்த அன்றே அவர் என்னிடம் காட்டினார். நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் அப்படித்தான் சொல்வார்கள். கீழே உன் பெயரும் இல்லை, உன் எண்ணும் அவருக்குத் தெரியாத எண். அவர் போனை இடது கையால் என்னிடம் நீட்டி, அக்கா, இது பேங்க்ல இருந்து வந்ததா, நான் ஏதாவது செய்யணுமா என்று கேட்டார். நான் என்ன சொல்வேன், என் மகள் அனுப்பியது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், நீங்க ஒன்னும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாண்டரினில் உனக்கு இரண்டாம் வகுப்பு என்று தெரிந்துவிட்டது. தமிழில் எந்த வகுப்பு என்று நீதான் காட்ட வேண்டும்.

நீ நினைத்தது நடக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், போன இடத்தில் நாலு நல்ல மனிதர்கள் உனக்குக் கிடைக்கட்டும். நானும் அப்பாவும் எப்போதும் உன் பக்கம்தான், திட்டுவது உட்பட. ஆபரேட்டரின் எண்தான் உன்னிடம் இருக்கிறதே. அங்கே உனக்குச் சாயங்காலம் ஆகும்போது கூப்பிடு, அப்போது அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். எழுதி வைத்துப் படிக்காதே. இடது கையால் போனைத் தேடி எடுக்க அவருக்கு நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருக்கும், அதற்காக வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா